பனப்பாக்கமா, விண்ணமங்கலமா, சொந்த நிலமா? ஷூ அப்பர் யூனிட்டைப் பெரிதாக்க நினைப்பவர்களுக்கு

இருபது மெஷின் வைத்து பெரிய கம்பெனிக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்காரர்கள் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் நிறையப் பேர். அவர்களில் கொஞ்சம் கையில் காசு சேர்ந்தவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அறுபது மெஷினுக்குப் போக வேண்டும், இடத்தை எங்கே பிடிப்பது? மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் மனை கேட்கலாமா, சின்னத் தொழிலுக்கான சிட்கோ பேட்டையில் பார்க்கலாமா, அப்பா விட்டுப்போன பட்டா நிலத்தில் ஷெட் போடலாமா, இல்லை வாடகைக் கட்டடம் எடுத்துக்கொண்டு மொத்தப் பணத்தையும் மெஷினில் இறக்கலாமா?

கடன் விண்ணப்பத்துக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் வேலை, அதனால் இந்தக் கேள்வி என் மேஜைக்கு அடிக்கடி வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் மானியத்தில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். எங்கே போனால் எவ்வளவு கிடைக்கும் என்று. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அளவு யூனிட்டுக்கு மானியத்தை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். தைக்க வரும் பெண்கள் காலையில் எந்த ஊரிலிருந்து எந்த பஸ் ஏறி வருவார்கள் என்று பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். ஏன் என்று சொல்ல நாலு வழியையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதையும் தேவை.

இங்கே ஷூ எப்படி வந்தது

வட ஆற்காட்டில் ஷூ தொழில் வளர்ந்ததற்கு மானியத்தைவிட தடைச் சட்டங்கள்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து. 1970-களின் தொடக்கம் வரை இங்கிருந்து கப்பலேறியது பெரும்பாலும் பாதிப் பதம் செய்த தோல். சீதாராமையா கமிட்டி சொன்னதை வைத்து 1973-ல் மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதிப் பதத் தோலுக்கும் அளவுக் கட்டுப்பாடு போட்டது. இனிமேல் முழுசாகப் பதம் செய்த தோலோ தைத்த பொருளோதான் அனுப்ப முடியும் என்ற நிலை வந்ததும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஷாப் (தோல் பதம் போடும் இடம்) வைத்திருந்த குடும்பங்கள் மெல்ல அப்பருக்கும் ஷூவுக்கும் நகர்ந்தன.

அடுத்த தள்ளு சுற்றுச்சூழல் பக்கத்திலிருந்து வந்தது. 1989 மார்ச் 30-ல் வந்த தமிழ்நாடு அரசாணை எண் 213, ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு அதிகம் உண்டாக்கும் தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்றது. பாலாற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் என்றால் பாதி ஊர் அதற்குள் வந்துவிடும். பிறகு 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியானது நம் பாலாற்றுத் தண்ணீரை வைத்துத்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும் அல்லது சொந்தமாகக் கட்ட வேண்டும், முடியாவிட்டால் மூட வேண்டும் என்ற நெருக்கடியில், பதம் போடும் பக்கத்தைவிட தைக்கும் பக்கம் நிம்மதி என்று பலர் முடிவெடுத்தார்கள்.

அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அதே ராணிப்பேட்டையில், 1990-களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அள்ள ஆளில்லாமல் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. பாலாற்று நீரைக் குடிக்க முடியாமல், ஆயிரம் கோடிக்கு மேல் செலவழித்து மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொன்னது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அரசுப் பணம் தொழிற்பேட்டையாக வரும்போது அதன் செலவுக் கணக்கில் இதுவும் சேரும். தைக்கும் யூனிட் போடுகிறவருக்குத் தண்ணீர்ப் பிரச்சினை நேரடியாகக் கிடையாதுதான், ஆனால் அவருடைய தொழிலாளர்கள் குடிக்கும் தண்ணீர் இதே மண்ணிலிருந்துதான் வருகிறது.

சிப்காட்: பெரிய பேச்சும் பெரிய அண்டைவீடும்

சிப்காட் 1971-ல் தொடங்கிய நிறுவனம். ராணிப்பேட்டை அதன் ஆரம்பகாலப் பேட்டைகளில் ஒன்று. இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது அதே ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கம். டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் முதலீடு என்று 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டு, செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதே வருஷம் டிசம்பரில் தைவான் ஹாங் ஃபு குழுமத்தின் தோல் அல்லாத காலணி ஆலைக்கு அடிக்கல்: 1,500 கோடி முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. பக்கத்திலேயே 250 ஏக்கரில் மெகா தோல் பூங்கா. 2022-ல் தமிழ்நாடு அரசு காலணிக்கும் தோல் பொருளுக்கும் தனிக் கொள்கையே வெளியிட்டது, 20,000 கோடி முதலீடும் 2 லட்சம் வேலையும் இலக்கு என்றது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஆம்பூர்க்காரருக்கும் பனப்பாக்கத்தில் ஒரு மனை வேண்டும் என்று ஆசை வருகிறது. ஆசையில் தப்பில்லை.

சிப்காட் மனை உங்களுக்குக் கிரயமாக வராது, 99 வருஷக் குத்தகை. வங்கியில் அடமானம் வைக்க வேண்டுமானால் சிப்காட்டின் தடையில்லாச் சான்று வேண்டும், வேறொருவருக்கு மாற்ற வேண்டுமானாலும் அனுமதி, கட்டணம். ஒதுக்கீட்டில் சொன்ன காலத்துக்குள் கட்டி உற்பத்தி தொடங்காவிட்டால் மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. பெரிய முதலீட்டாளருக்கு இது சாதாரண நிபந்தனை. ஆர்டர் ஒரு சீசன் படுத்தால் கட்டடம் பாதியில் நின்றுபோகும் சின்ன யூனிட்காரருக்கு இது கழுத்தில் கயிறு. இதற்குக் கிடைக்கும் பலன் என்னவென்றால் அகலமான ரோடு, நம்பிக்கையான மின்சாரம், நிலப் பத்திரத்தில் வில்லங்கம் இல்லாத நிம்மதி, வெளிநாட்டு வாங்குபவர் ஆடிட்டுக்கு வந்தால் முகம் சுளிக்காத வளாகம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. 25,000 பேர் வேலை செய்யப்போகும் ஆலையின் வாசலில் அறுபது மெஷின் யூனிட் போட்டால் உங்கள் ஆட்கள் எத்தனை மாதம் நிற்பார்கள்? அங்கே வேன் வரும், கேன்டீன் இருக்கும், சம்பளம் ஒன்றாம் தேதி வங்கியில் விழும். பழைய வட ஆற்காட்டின் செய்யாறு சிப்காட்டில் பெரிய காலணி வளாகம் வந்த பிறகு, சுற்றுவட்டாரத்துப் பெண்கள் அங்கே பஸ்ஸில் போய்வருவதை வந்தவாசி ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பெண்களுக்கு அது நல்லது, நான் மனசார வரவேற்கிறேன். சின்ன யூனிட்காரர் அந்த வாசலில் போய்க் கடை போடக்கூடாது என்பதுதான் என் பேச்சு. அதுவும் ஆம்பூரிலிருந்து பனப்பாக்கம் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும், உங்களிடம் இப்போது தைக்கிற கைதேர்ந்த பெண்களில் ஒருவர்கூட அங்கே வரப்போவதில்லை.

சிப்காட் நிலம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். தொழிலுக்கென்று நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. 2013-ல் மத்திய சட்டம் வந்து நில உரிமையாளர் சம்மதம், சமூகத் தாக்க ஆய்வு என்றெல்லாம் கேட்டபோது, மாநிலம் தன் சட்டத்துக்கு விலக்கு வாங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் அது செல்லாது என்றது, உடனே மாநிலம் அதே வருஷம் புதுச் சட்டம் போட்டுப் பழைய சட்டத்துக்கு உயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. இந்தச் சட்டத்தின் வேகத்தால்தான் பேட்டைகள் இவ்வளவு சீக்கிரம் எழுகின்றன. அதே வேகத்தால்தான் 2023-ல் செய்யாறு பக்கம் மேல்மாவில் மூன்று போகம் விளையும் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்த விவசாயிகளில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பப் பெறப்பட்டது. மனை கேட்டு விண்ணப்பிக்கிறவர் அந்த மனையின் நிலம் பிரச்சினை முடிந்த நிலமா, வழக்கில் இருக்கிறதா என்று கேட்பது நியாயத்துக்காகவும்தான், தன் பணத்துக்காகவும்தான்.

சொந்தமாக ஏற்றுமதி ஆர்டர் வைத்திருந்து, அப்பரை அச்சில் இழுத்து ஷூவாக்கும் லாஸ்டிங் லைனோடு ஃபுல் ஷூ போகிறவர், இருநூறு பேருக்கு மேல் வேலை கொடுக்கப்போகிறவர் என்றால் சிப்காட்டுக்குப் போங்கள். அவருக்கு அதைவிட நல்ல இடம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் கிடையாது.

சிட்கோ

சிட்கோ 1970-லிருந்து இருக்கிறது, சின்னத் தொழிலுக்கென்றே உண்டானது. நம் பக்கம் காட்பாடி, முகுந்தராயபுரம், ராணிப்பேட்டை, அரக்கோணம், விண்ணமங்கலம் என்று பேட்டைகள். இவற்றில் நம் கதைக்கு ஏற்றது விண்ணமங்கலம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ரயில்வே ஸ்டேஷனோடு, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர். இரண்டு ஊர்த் தொழிலாளரும் வந்துபோகலாம்.

சிட்கோவின் நல்லது: மனை சின்னது, மின் கம்பி வாசலில், மனைப்பிரிவு அனுமதி என்று தனியாக அலைய வேண்டியதில்லை. கெட்டது: பழைய பேட்டைகளில் காலி மனை அபூர்வம். கிடைப்பது பெரும்பாலும் யாரோ எடுத்து, மூடிப் போட்டிருக்கும் ஷெட்டின் கைமாற்று. கைமாற்று என்றால் மூன்று காகிதம் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது: ஒதுக்கீட்டு ஆணை, சிட்கோவுக்குப் பாக்கி இல்லை என்ற சான்று, பெயர் மாற்ற அனுமதி. ஒதுக்கீடு விற்பனையா குத்தகையா என்பதை ஆணையில் வரி வரியாகப் படியுங்கள், தரகர் வாயால் கேட்டு நம்பாதீர்கள். பழைய ஓனருடைய மின்கட்டண பாக்கியும் சேர்ந்து உங்கள் தலையில் விழும், அதையும் கேளுங்கள்.

சொந்த நிலம்

நிலம் சும்மா கிடக்கிறது, அதில் போட்டால் இடச் செலவு பூஜ்யம் என்று பலர் சொல்வார்கள். பூஜ்யம் இல்லை. விவசாய நிலமாக இருந்தால் பயன்பாட்டு மாற்றம், கட்டட வரைபட அனுமதி, மும்முனை மின்சாரத்துக்குக் கம்பம், தேவைப்பட்டால் டிரான்ஸ்ஃபார்மர், கன்டெய்னர் வண்டி திரும்ப இடம், ரோட்டை உயர்த்த மண். பஞ்சாயத்து ரோடு பத்தடி அகலம் என்றால் தோல் இறக்க வரும் லாரி தெருமுனையிலேயே நின்றுவிடும்.

சட்டப் பக்கம் பயப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை. தோல் பதம் போடுவது சிவப்பு வகைத் தொழில். வெறுமே வெட்டித் தைப்பது பச்சை வகை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்க வேண்டும், ஆனால் அது எட்டக்கூடியதுதான். ஓட்டுவதற்கு முன் வாங்க வேண்டிய அந்த இசைவை மறந்துவிட்டு மெஷின் ஓட்டுகிறவர்கள் உண்டு, அப்புறம் வங்கி ஆய்வில் மாட்டுவார்கள். 2018-ல் வந்த தமிழ்நாடு வணிக எளிதாக்கல் சட்டப்படி ஒற்றைச் சாளரத்தில் எல்லா அனுமதிக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம், ஒவ்வொரு துறைக்கும் நாள் கெடு இருக்கிறது. சின்ன யூனிட்களுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக, ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும். உண்மையில் அனுமதி தேங்குவது பெரும்பாலும் நம் காகிதக் குறையால்தான். பட்டாவில் தாத்தா பெயர், வில்லங்கச் சான்றில் அப்பா பெயர், ஆதாரில் வேறு இனிஷியல்.

நிலம் வைத்திருப்பவர் முதலில் தாலுகா அலுவலகத்தில் நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படமும் நில வகையைக் காட்டும் அ-பதிவேடும் எடுத்துப் பார்க்கட்டும். கண்ணுக்கு மேடாகத் தெரியும் நிலத்தின் ஓரத்தில் ஓடைப் புறம்போக்கு ஓடும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் இது ரொம்ப சகஜம், கௌண்டன்யா ஆறு மழையில் ஒரு தடவை நிரம்பினால் போதும், எது ஓடை எது வழி என்று தெரிந்துவிடும். புறம்போக்கில் ஒரு தூண் விழுந்தாலும் மொத்த அனுமதியும் நின்றுவிடும்.

வாடகை

இதைச் சின்ன ஆளுடைய வழி என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூரில் ஆர்டர் தள்ளிப்போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெரிய கம்பெனிக்கு ஆர்டர் தள்ளினால் ஜாப் ஒர்க்காரருக்கு நின்றே போகும். அந்த மாதிரி நேரத்தில் மனைக்கும் கட்டடத்துக்கும் தவணை கட்டுகிறவர், மெஷினை விற்றுத் தவணை கட்டுவார். வாடகைக்காரர் பாதி ஹாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூச்சு விடுவார். ஆனால் வாடகை ஒப்பந்தத்தை சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள், குறைந்தது கடன் முடியும் வரைக்காவது. வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தை வைத்து வங்கிக்குப் போனால் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்ல மாட்டார்.

மானியம் எவ்வளவு, எப்போது

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டம், 2012-லிருந்து இருக்கிறது. டிகிரி, டிப்ளமா, ஐடிஐ படித்தவர்களுக்கு, 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடி. மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். அந்த மானியம் மூன்று வருஷம் வங்கியில் உங்கள் பெயரில் பூட்டிக் கிடக்கும், யூனிட் ஓடுகிறது என்று சரிபார்த்த பிறகுதான் கடனில் கழியும். இதைத் தவிர மாநில அரசின் மூலதன மானியம், எந்திர மதிப்பில் 25 சதவீதம், வரம்பு 1.5 கோடி. தோல் பொருள் முன்னுரிமைத் தொழில் பட்டியலில் இருக்கிறது. குறு யூனிட் என்றால் தாழ்வழுத்த மின்கட்டணத்தில் 20 சதவீதம் மூன்று வருஷத்துக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரே எந்திரத்தைக் காட்டி இரண்டு மானியம் வாங்க முடியாது.

நான் இந்த மாவட்டத்தில் எல்லோரிடமும் வலியச் சொல்வது அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை. 2023-ல் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியம், வரம்பு 1.5 கோடி, வட்டியில் 6 சதவீதம் குறைப்பு. படிப்புத் தகுதி கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராகவும் லைன் சூப்பர்வைசராகவும் இருக்கும் எத்தனையோ பேர் தொழிலை முழுக்கக் கற்றவர்கள், கையில் முதல் இல்லாததால் மட்டும் இன்னொருவர் யூனிட்டில் நிற்கிறவர்கள். அவர்களுக்காகவே எழுதின மாதிரியான திட்டம் இது. இதைப் பற்றித் தெரியாமல் கந்துவட்டிக்கு வாங்கி நாலு மெஷின் போட்டவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 40 லட்சத்துக்கு மெஷின் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம், 10 லட்சம் மானியம். உற்பத்தி தொடங்கி, விண்ணப்பம் போட்டு, ஆய்வு முடிந்து, நிதி ஒதுக்கி அது கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனால், அந்த 10 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியே 1.65 லட்சம் கட்டியிருப்பீர்கள். இப்போது இன்னொரு கணக்கு. யூனிட்டை பஸ் போகாத இடத்தில் போட்டுவிட்டீர்கள், ஆட்களைக் கூட்டிவர இரண்டு வேன் வேண்டும், ஒரு வேனுக்கு மாதம் 45 ஆயிரம் என்று வைத்தால் வருஷத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். மொத்த மானியமும் ஒரே வருஷ வேன் வாடகையில் போய்விட்டது. இரண்டாவது வருஷம் வேன் வாடகை உண்டு, மானியம் கிடையாது.

ஏழு பத்து பஸ்

பேரணாம்பட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார்கள். பெரிய ஹால், சுவரோரம் தையல் மெஷின்கள், நடுவில் நீள மேஜையில் பெண்கள் உட்கார்ந்து ஓரம் மடித்துப் பசை ஒட்டுகிறார்கள். நான் போயிருந்த ஒரு காலை மெஷினில் பாதிப் பேர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மெஷினில் கோளாறு இல்லை. கிராமத்திலிருந்து ஏழு பத்துக்கு வரும் டவுன் பஸ் அன்றைக்கு வரவில்லை, ஸ்கைவிங் போடுகிற இரண்டு பேரும் அந்த பஸ்ஸில்தான் வர வேண்டும். ஓரம் சீவாத தோலை மடிக்க முடியாது, மடிக்காததைத் தைக்க முடியாது. இரண்டு பேர் வராததால் ஹாலே நின்றது. அந்த அம்மா என்னிடம் சொன்னது: "அண்ணா, சப்சிடி எப்ப வேணா வரட்டும், எங்களுக்கு அந்த பஸ்ஸு மட்டும் தவறாம வந்தா போதும்."

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு. இந்த இரண்டையும் யாரும் தொழில் கொள்கை என்று எழுதவில்லை, தொழில் துறை மானியக் கோரிக்கையிலும் இவை வராது. ஆனால் தைக்கும் யூனிட்டுக்கு அரசு செலவழித்த பணத்தில் மிகவும் பலன் தந்தது இவைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாதம் ஆயிரத்துக்கு மேல் பஸ்ஸுக்குக் கொடுத்த பெண்ணுக்கு அது சம்பள உயர்வு. பிள்ளைக்குக் காலையில் சோறு ஊட்டி அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்றிருந்தவர் இப்போது எட்டரைக்கு மெஷினில் உட்கார முடிகிறது. இந்தப் பலன் டவுன் பஸ் போகிற இடத்து யூனிட்டுக்குத்தான் கிடைக்கும். எக்ஸ்பிரஸ் நிற்கும் நெடுஞ்சாலை ஓரத்துக்கும், பஸ்ஸே போகாத புதுப் பேட்டைக்கும் கிடைக்காது.

அப்படிப் பார்த்தால் என் வரிசை இது. அறுபது மெஷினுக்குள் என்றால் முதலில் வாடகை ஹால், டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்துவரும் தூரத்தில். கூடவே சிட்கோவில் புது மனை அறிவிப்பு வருகிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள், வந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். சொந்த நிலம் பஸ் ரூட்டில், புலப்படம் சுத்தமாக, ஓடை தூரமாக இருந்தால் மட்டும் அதில் கட்டுங்கள், அப்போதும் முதலில் பாதி ஹால். எதைத் தேர்ந்தாலும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவை முடித்து வையுங்கள், பெரிய கம்பெனி ஜாப் ஒர்க் காசை 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுக் குறு சிறு நடுத்தரத் தொழில் சட்டம் சொல்வது அந்தப் பதிவு வைத்திருப்பவருக்குத்தான் கைகொடுக்கும். 2024-லிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை அவர்கள் அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது, அதனால் கேட்கிறவருக்குக் கொஞ்சம் பலம் கூடியிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ராணிப்பேட்டை, நெமிலி, காவேரிப்பாக்கம் பக்கத்துக்காரராக இருந்து, தைப்பதைத் தவிர்த்து பெட்டி, இன்சோல், லேபிள் போன்ற துணைப் பொருள் செய்யப்போகிறவருக்கு நான் சொன்னது பொருந்தாது. அவர் பனப்பாக்கத்தின் அருகில் போகத்தான் வேண்டும். பெரிய ஆலை அவருக்கு ஆளைப் பறிக்கும் போட்டியாளர் இல்லை, வாடிக்கையாளர்.

அந்தப் பேரணாம்பட்டுத் தம்பதி இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரிய வாடகை ஹால் ஒன்றைப் பேசி முடித்திருக்கிறார்கள், சொந்த நிலத்தைத் தொடவில்லை. ஏழு பத்து பஸ்ஸுக்காக ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு நகல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒன்று. எந்த ஊரில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள், எந்த நிறுத்தத்தில், எந்த நேரத்துக்கு பஸ் வேண்டும் என்று யூனிட் வாரியாகப் பட்டியல் இணைத்திருக்கிறோம். பக்கத்துத் தெருவில் யூனிட் வைத்திருப்பவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படிப் பட்டியல் எடுத்தால், மனு கொடுக்கவும் உதவும், அடுத்த இடம் பிடிக்க எந்த ரூட்டில் தேட வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.